ஒரு முகமும் இரு கலைஞரும்

புகழ்பெற்றோர் முகத்தைக் காணவேண்டும் என்னும் வேட்கை மக்களுக்கு என்றும் உண்டு. பண்டைக் காலத்து வேந்தர் தம் உருவத்தைக் காசில் பொறித்து நாடெங்கும் செலுத்தினர். பிற்காலத்து ஐரோப்பிய மன்னரும் பிரபுக்களும் ஓவியரை அழைத்து, அவர்முன் நாட்கணக்கில் அமர்ந்து, தம் வடிவத்தைத் தீட்டுவித்து மாளிகைச் சுவர்களில் மாட்டினர். எளிய மக்களோ தம் முகத்தை ஆடியிலும் நீரிலும் கண்டதோடு அமைந்தனர். 19 ஆம் நூற்றாண்டில் நிழற்படக் கலை தோன்றியபின் இந்நிலை மாறிற்று. செல்வர் முகமும் வறியவர் முகமும் ஒருங்கே தாளில் ஏறின. அடுத்த நூற்றாண்டில் திரைப்படம், வானொலி, இசைத்தட்டு, தொலைக்காட்சி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகப் பரவின. அவற்றின் பயனாக, நடிகரும் பாடகரும் முடிவேந்தர் பலரும் பெறாத புகழைப் பெற்றனர். அவர்தம் முகங்கள் இதழ்களின் அட்டைகளிலும் கடைத்தெருக்களிலும் வீட்டுச் சுவர்களிலும் விளங்கின.

இப்புகழ் சில வினாக்களையும் உடன்கொணர்ந்தது. பாடகர் ஒருவரின் முகத்தை நிழற்படக் கலைஞர் ஒருவர் படம் பிடிக்கிறார். அப்படத்தைப் பார்த்து ஓவியர் ஒருவர் வண்ணந்தீட்டுகிறார். ஓவியத்தால் வரும் பொருளும் புகழும் யாரைச் சேரும்? இனி, ஒருவர் பாட்டைக் கேலி செய்து மற்றொருவர் பாடினால், அது திருட்டாகுமா, கலையாகுமா? இவ்வினாக்கள் அமெரிக்க நாட்டு நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வழக்காடப்பட்டன. அவ்வழக்குகளின் வரலாறு கலைகளைக் கற்பார் அனைவரும் அறியத்தக்கது.

டப்பா ஓவியர்

ஆண்டி வார்ஹால் என்பார் 1928 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6 ஆம் நாள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் இந்நாளில் சுலோவாக்கியா எனப்படும் நாட்டின் மலைப்புறச் சிற்றூரிலிருந்து பிழைப்பு நாடிக் குடியேறியவர்கள். இளமையில் வார்ஹால் நரம்பு நோயொன்றால் தாக்குண்டு பல நாள் படுக்கையிற் கிடந்தார். அந்நாளில் அவருக்குத் துணையாயிருந்தவை திரைப்பட நட்சத்திரங்களின் படங்களே. அவற்றைத் திரட்டி வைத்து மகிழ்வது அவர்தம் பொழுதுபோக்காயிற்று. புகழ்பெற்றோர் முகங்களின்மீது அவருக்கு ஏற்பட்ட பற்று இறுதிவரை நீங்கவில்லை.

பிட்ஸ்பர்க்கிலேயே ஓவியக் கல்வியை முடித்து, 1949 ஆம் ஆண்டு அவர் நியூயார்க் நகரம் சென்றார். அங்கே இதழ்களுக்கும் கடைகளுக்கும் விளம்பரப் படங்கள் வரைந்தார். காலணி விளம்பரம் வரைவதில் அவருக்கு நல்ல பெயர் உண்டாயிற்று. எனினும், கலைக்கூடங்களில் தம் ஓவியம் இடம்பெற வேண்டும் என்னும் அவா அவர் உள்ளத்தே கனன்றுகொண்டிருந்தது.

1962 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஃபெரஸ் என்னும் கலைக்கூடத்தில் அவர்தம் ஓவியங்கள் காட்சிக்கு வந்தன. காணச் சென்றோர் வியப்பும் நகைப்பும் ஒருங்கே எய்தினர். மலையும் கடலும் மாந்தர் வடிவமும் அங்கே இல்லை. காம்பெல் என்னும் குழுமத்தார் தகர டப்பாக்களில் அடைத்து விற்ற சூப்பின் டப்பாக்களே வரையப்பட்டிருந்தன. அக்குழுமத்தார் அந்நாளில் விற்ற 32 வகைச் சூப்புக்கும் வகைக்கு ஒன்றாக 32 படங்கள்! மளிகைக் கடையில் அடுக்கியதுபோல் அவை சுவரோரப் பலகையின்மீது வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. அருகிலிருந்த மற்றொரு கலைக்கூடத்தார் உண்மையான சூப் டப்பாக்களை வாங்கித் தம் கூடத்தில் அடுக்கி, இவை இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்று ஏளனம் செய்தனர். படம் ஒன்றுக்குக் குறித்த விலை 100 டாலரே. அவ்விலைக்கும் வாங்குவார் அரியராயினர். கூடத்தின் உரிமையாளர் விற்ற சிலவற்றையும் திரும்பப் பெற்று, 32 படங்களும் பிரியாதிருத்தல் நன்று எனக் கருதித் தாமே வைத்துக்கொண்டார். 1996 ஆம் ஆண்டு அப்படங்கள் நியூயார்க் நகரத்து நவீனக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. எள்ளி நகையாடப்பட்டவை அருங்காட்சிப் பொருள்களாயின.

சூப் விற்ற குழுமத்தார் இதுபற்றிச் சினந்திலர். 1964 ஆம் ஆண்டு அக்குழுமத்து அலுவலர் ஒருவர் வார்ஹாலைப் பாராட்டி மடல் எழுதினார். அத்துடன் தக்காளிச் சூப் டப்பாக்கள் சிலவற்றையும் அன்பளிப்பாக விடுத்தார். இந்நிகழ்ச்சியை மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்த வழக்கொன்றில் இச்சூப் டப்பாக்கள் மீண்டும் தோன்றும்.

அன்றாட வாழ்விற் காணும் டப்பா, விளம்பரம், படக்கதை, திரைப்பட முகம் முதலியவற்றையே பொருளாகக் கொண்ட இக்கலைநெறிக்குப் ‘பாப் கலை’ என்பது பெயர். ‘பாப்’ என்பது மக்களிடையே பரவியது என்னும் பொருள்தரும் சொல்லின் குறுக்கம். பாப் இசை என்பதும் அச்சொல்லின் வழி வந்ததே.

பட்டுத்திரையும் நட்சத்திரமும்

1962 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மரிலின் மன்றோ என்னும் திரைப்பட நடிகையார் 36 ஆம் வயதில் மறைந்தார். உலகெங்கும் அவர் முகம் இதழ்களில் வெளிவந்தது. வார்ஹால் அம்முகத்தை ஓவியமாக்க விழைந்தார். 1953 ஆம் ஆண்டு வெளிவந்த ‘நயாகரா’ என்னும் திரைப்படத்தின் விளம்பரத்துக்காக எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்றை அவர் தெரிந்தெடுத்தார். அதனை ஓவியமாக்க அவர் கையாண்டது பட்டுத்திரை அச்சு முறையாகும்.

அம்முறை வருமாறு: மெல்லிய துணித்திரை ஒன்றைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டுவர். ஒளிபட்டால் இறுகும் இயல்புடைய பசையை அத்திரைமீது பூசுவர். பெரிதாக்கிய நிழற்படத்தின் உருவை அதன்மேல் வைத்து ஒளியைச் செலுத்துவர். ஒளிபட்ட இடத்துப் பசை இறுகும். படத்தின் கருமை மறைத்த இடத்துப் பசை இளகியே இருக்கும். பின்னர் நீரால் கழுவினால் இளகிய பசை நீங்கி, அவ்விடங்களில் துணியின் நுண்துளைகள் திறந்திருக்கும். அத்திரையைச் சீலைமீது வைத்து, மையை ஊற்றி, ரப்பர்க் கட்டையால் இழுத்தால், திறந்த துளைகளின் வழியே மை இறங்கி உருவம் பதியும். ஒரு திரையைக் கொண்டு ஒரே முகத்தைப் பன்முறை பதிக்கலாம். மை மிகுந்தால் முகம் கறுக்கும், குறைந்தால் மங்கும்.

இம்முறையால் வார்ஹால் ஆக்கிய ‘மரிலின் இரட்டைப் படம்’ 50 முகங்களைக் கொண்டது. இடப்பக்கம் 25 முகங்கள் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாய் ஒளிர்கின்றன. வலப்பக்கம் 25 முகங்கள் வெறுங் கறுப்பில், சில அழுந்திக் கறுத்தும், சில தேய்ந்து மறைந்தும் தோன்றுகின்றன. புகழின் பொலிவையும் வாழ்வின் நிலையாமையையும் அவை அருகருகே காட்டுகின்றன என்று கலையறிஞர் கூறுவர். டப்பாவைப் போலவே முகமும் பெருவாரியாக ஆக்கப்பட்டு விற்கப்படுகிறது என்று ஓவியர் எள்ளுகின்றாரோ என எண்ணுவாரும் உளர். அவர் நட்சத்திரங்களை வழிபட்டாரா, எள்ளினாரா என்பது துணிதற்கரிது. நகை, எள்ளலின் வழியும் இளமையின் வழியும் பேதைமையின் வழியும் பிறக்கும் என்று தொல்காப்பியர் பகுத்துக் கூறுவார். வார்ஹாலின் ஓவியத்தைக் கண்டு பிறக்கும் நகை எள்ளலின்பாற் பட்டதாயினும், அவ்வெள்ளலுக்குள் இரக்கமும் உறைகிறது.

அவர் 1964 ஆம் ஆண்டு ஆக்கிய மரிலின் படம் ஒன்று 2022 ஆம் ஆண்டு மே திங்களில் நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்தது. அது ஏறத்தாழ 195 மில்லியன் டாலருக்கு விலைபோயிற்று. 100 டாலருக்கு வாங்குவாரின்றிக் கிடந்த ஓவியரின் படைப்புக்கு நேர்ந்த ஏற்றம் இஃது! ஆயினும் அம்முகத்தை முதலிற் படம் பிடித்தவர் பெயரை ஏலச் செய்தி படித்தோருள் எத்துணைப் பேர் அறிவர்?

கூச்சமுற்ற பாடகர்

பிரின்ஸ் என்பது இளவரசன் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல். அதனையே இயற்பெயராகக் கொண்ட பாடகர் ஒருவர் 1958 ஆம் ஆண்டு மின்னியாபொலிஸ் நகரில் பிறந்தார். பாடுதல், இசைக்கருவிகள் பலவற்றை இயக்கல், பாட்டியற்றல், ஆடல் ஆகிய அனைத்திலும் அவர் வல்லவர். 1984 ஆம் ஆண்டு வெளிவந்த ‘பர்ப்பிள் ரெயின்’ என்னும் திரைப்படமும் இசைத்தட்டும் அவர் பெயரை உலகறியச் செய்தன.

அப்புகழ் முற்றும் வந்தெய்துமுன், 1981 ஆம் ஆண்டு, லின் கோல்ட்ஸ்மித் என்னும் நிழற்படக் கலைஞர் அவரைப் படம் பிடித்தார். அவ்வம்மையார் இசைவாணர் பலரைப் படம் பிடித்துப் பெயர்பெற்றவர். ‘நியூஸ்வீக்’ என்னும் கிழமை இதழுக்காக நியூயார்க்கிலிருந்த தம் படக்கூடத்திற்குப் பிரின்ஸை வரவழைத்தார். இமைகளுக்கும் இதழ்களுக்கும் வண்ணமூட்டினார். முகத்தின் எலும்பமைப்பு விளங்கும்படி ஒளியை அமைத்தார். பாடகரோ கூச்சமுற்றவராய்க் காணப்பட்டார். ஆரவார மேடையில் ஆயிரவர் முன் அஞ்சாது ஆடியவர், ஒரு கருவியின் முன் தனித்து நின்றபோது ஒடுங்கினார். அவ்வொடுக்கமே அப்படத்தில் பதிந்தது. இதழாசிரியர், மேடையில் எடுத்த வேறு படத்தையே வெளியிட்டனர். படக்கூடத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் வெளிவராது அம்மையாரின் பேழையில் உறங்கியது.

1984 ஆம் ஆண்டு ‘வேனிட்டி ஃபேர்’ என்னும் இதழ், பிரின்ஸைப்பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட முனைந்தது. கோல்ட்ஸ்மித்தின் படத்தை ஓவியர் ஒருவர் பார்த்து வரைவதற்காக, ஒருமுறை மட்டும் பயன்படுத்திக் கொள்வதாக உடன்பட்டு, அவ்விதழார் 400 டாலர் கொடுத்தனர். ஓவியர் வேறு யாருமல்லர்; வார்ஹாலே. அவர் அப்படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பட்டுத்திரை வழியே பதித்து, ஊதா வண்ணம் ஊட்டினார். இதழில் அவ்வோவியம் வெளிவந்தபோது, மூலப் படத்தை எடுத்தவர் பெயரும் முறைப்படி குறிக்கப்பட்டது. இதுகாறும் வழுவொன்றுமில்லை.

ஆனால் வார்ஹால் ஓர் ஓவியத்தோடு நிற்கவில்லை. அதே நிழற்படத்தைக்கொண்டு மேலும் 15 படைப்புகளை ஆக்கிக்கொண்டார். அதனைக் கோல்ட்ஸ்மித் அறியார். 1987 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வார்ஹால் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த அறநிலையம் அவர்தம் படைப்புகளின் உரிமையைப் பெற்றது.

2016 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள் பிரின்ஸும் மறைந்தார். அவர் நினைவாக, வேனிட்டி ஃபேர் இதழை நடத்தும் குழுமத்தார் சிறப்பு மலர் ஒன்றை வெளியிட்டனர். அதன் அட்டையில் வார்ஹால் ஆக்கிய செம்மஞ்சள் நிறப் பிரின்ஸ் ஓவியம் பொலிந்தது. அதற்காக அறநிலையத்துக்கு 10,000 டாலர் கொடுக்கப்பட்டது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு காசும் கிட்டவில்லை. அவர் பெயரும் குறிக்கப்படவில்லை. அட்டையைக் கண்ட அம்மையார், 35 ஆண்டுகளுக்கு முன் தாம் எடுத்த படம் அஃது என்பதை உணர்ந்தார். முகத்தின் சாய்வும் பார்வையும் அவர் கருவி கண்டவையே. தம் உரிமை மீறப்பட்டது என்று அறநிலையத்துக்கு அறிவித்தார். அறநிலையமோ, தம்பால் குற்றமில்லை என்று அறிவிக்குமாறு வேண்டி, 2017 ஆம் ஆண்டு தானே வழக்குத் தொடுத்தது.

சட்டம் கூறுவது

நூல், பாட்டு, ஓவியம், நிழற்படம் ஆகியவற்றை ஆக்கியவர்க்கு அவற்றைப் படியெடுக்கவும் விற்கவும் மாற்றியமைக்கவும் உள்ள உரிமையைப் பதிப்புரிமை என்பர். உழைத்தவர் உழைப்பின் பயனைத் துய்த்தல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆயினும் அவ்வுரிமையைக் கல்மதிலாக எழுப்பினால் திறனாய்வும் கல்வியும் நகைச்சுவையும் நலியும். ஆதலின், நேர்மையான பயன்பாட்டுக்குச் சட்டம் இடந்தருகிறது. அமெரிக்க நாட்டு 1976 ஆம் ஆண்டுச் சட்டம், பயன்பாடு நேர்மையானதா என அறிய நான்கு கூறுகளை ஆராயச் சொல்கிறது. பயன்படுத்துவதன் நோக்கமும் இயல்பும் யாவை? மூலப் படைப்பு எத்தகையது? அதிலிருந்து எடுத்துக்கொண்டது எவ்வளவு? அதனால் மூலத்தின் விற்பனைக்கு ஊறு நேருமா? இவையே அந்நான்கு.

இச்சட்டத்தை நகைச்சுவைக்குப் பொருத்திக் காட்டிய வழக்கொன்று 1994 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. ராய் ஆர்பிசன் என்பார் மற்றொருவருடன் சேர்ந்து இயற்றி 1964 ஆம் ஆண்டு பாடிய ‘ஓ, பிரெட்டி உமன்’ என்னும் பாட்டு மிக்க புகழ்வாய்ந்தது. அது தெருவில் செல்லும் அழகி ஒருத்தியைப் புகழ்ந்து ஏங்குவது. 1989 ஆம் ஆண்டு ‘டூ லைவ் க்ரூ’ என்னும் இசைக்குழுவினர் அப்பாட்டைக் கேலி செய்து பாட விழைந்தனர். உரிமையாளரிடம் இசைவு வேண்டினர். விலை கொடுக்கவும் முன்வந்தனர். உரிமையாளர் மறுத்தனர். குழுவினரோ மூலப்பாட்டின் ஆசிரியர் பெயரைக் குறித்தே தம் பாட்டை வெளியிட்டுவிட்டனர். வழக்கு மூண்டது. அக்குழுவின் தலைவர் பெயர் லூதர் காம்பெல். சூப் விற்ற காம்பெல் வேறு, இவர் வேறு.

நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனத்தராய்க் கூறியது கருதத்தக்கது. ஒரு படைப்பைப் பகடி செய்பவர், அப்படைப்பைக் கேட்போர் நினைவுக்குக் கொண்டுவந்தே தீரவேண்டும். எதனை எள்ளுகிறார் என்று தெரியாவிடில் நகைக்க இடமேது? ஆகவே பகடிக்கு மூலத்திலிருந்து ஓரளவு எடுத்துக்கொள்ளும் தேவை உண்டு. விலைக்கு விற்கப்பட்டது என்னும் ஒன்றாலேயே பகடி குற்றமாகிவிடாது. மூலத்தை எள்ளாமல் உலகத்தை எள்ளும் அங்கதமோ தன் காலில் நிற்கவல்லது. பிறர் படைப்பை அது எடுத்தாள வேண்டின், அதற்குத் தக்க காரணம் காட்டல் வேண்டும். இவ்வாறு பகடிக்கும் அங்கதத்துக்கும் வேறுபாடு வகுத்து, எஞ்சியவற்றை ஆராயுமாறு வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினர்.

எழுவரும் இருவரும்

இனி, பிரின்ஸ் வழக்கைக் காண்போம். 2019 ஆம் ஆண்டு நியூயார்க் மாவட்ட நீதிமன்றம் அறநிலையத்தின் சார்பாகத் தீர்ப்பளித்தது. கூச்சமுற்ற மனிதரை வார்ஹால் மக்கள் வியக்கும் பேருருவாக மாற்றிவிட்டார் என்பது அந்நீதிமன்றத்தின் கருத்து. 2021 ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றிற்று. கலையின் உட்பொருளைத் துணியும் திறனாய்வாளர் இருக்கையில் நீதிபதி அமர்தல் தகாது என்று அது கூறியது. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது.

2023 ஆம் ஆண்டு மே திங்கள் 18 ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. நீதிபதிகள் எழுவர் கோல்ட்ஸ்மித்தின் பக்கம் நின்றனர், இருவர் மாறுபட்டனர். பெரும்பான்மையோர் தீர்ப்பைச் சோனியா சோட்டோமயோர் எழுதினார். நான்கு கூறுகளுள் முதலாவதாகிய நோக்கமே அங்கே ஆராயப்பட்டது. நிழற்படமும் பிரின்ஸின் உருவமே; ஓவியமும் பிரின்ஸின் உருவமே. இரண்டும் பிரின்ஸைப்பற்றி எழுதும் இதழ்களுக்கு விலைக்கு விடப்படுவன. ஆதலின் 2016 ஆம் ஆண்டு அட்டையில் ஓவியம் ஆற்றிய பணி, நிழற்படம் ஆற்றக்கூடிய பணியே என்று அவர் காட்டினார்.

‘அங்ஙனமாயின் சூப் டப்பா ஓவியமும் குற்றமன்றோ?’ என்னும் ஐயம் எழும். அதற்கும் தீர்ப்பில் விடை உண்டு. டப்பாவின் மேலுறை சூப்பை விற்பதற்காக அமைந்தது. வார்ஹாலின் ஓவியம் சூப்பை விற்க வந்ததன்று. பொருள்களை வாங்கிக் குவிக்கும் வாழ்க்கையைப்பற்றிச் சிந்திக்கச் செய்ய வந்தது. நோக்கம் வேறுபட்டது, டப்பாவையே குறியாகவும் கொண்டது. ஆனால் செம்மஞ்சள் ஓவியமோ கோல்ட்ஸ்மித்தின் நிழற்படத்தைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. அதனை எள்ளவும் இல்லை. எள்ளுதற்கு எடுத்தாலும் ஒரு நியாயம் உண்டு. எடுப்பதற்குக் காரணமேயின்றி எடுத்ததே ஈண்டுக் குறை. சூப் காம்பெலும் பாட்டுக் காம்பெலும் ஒரே தீர்ப்பில் அருகருகே இடம்பெற்றது அவ்வழக்கின் வேடிக்கைகளுள் ஒன்று.

மாறுபட்ட இருவருள் எலீனா கேகன் தம் கருத்தை விரிவாக எழுதினார். தலைமை நீதிபதி அவரோடு உடன்பட்டார். அவர்தம் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. கலைஞர் ஒருவர் தோளின்மேல் ஒருவர் நின்றே வளர்கின்றனர். ஸ்பெயின் நாட்டு வெலாஸ்கெத் 17 ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர் ஒருவரின் உருவத்தை அமைதியும் ஆற்றலும் தோன்றத் தீட்டினார். 20 ஆம் நூற்றாண்டில் ஃபிரான்சிஸ் பேகன் என்பார் அவ்வோவியத்தையே அடியாகக்கொண்டு, அலறும் முகமொன்றைத் தீட்டினார். இரண்டும் போப்பாண்டவர் உருவங்களேயாயினும் இரண்டும் ஒன்றாகுமா? வார்ஹாலின் மாற்றத்தைப் பொருட்படுத்தாத தீர்ப்பு, புதியன படைப்பார் கையைக் கட்டிவிடும் என்று அவர் அஞ்சினார்.

தீர்ப்பின் எல்லையையும் அறிதல் வேண்டும். ஓவியத்தை ஆக்கியதும், அருங்காட்சியகத்தில் வைத்ததும், மூல ஓவியத்தை விற்றதும் குற்றமென்று நீதிமன்றம் கூறவில்லை. இதழின் அட்டைக்கு ஓவியத்தை உரிமம் தந்து பொருள் பெற்ற அவ்வொரு செயலைப்பற்றியே அது முடிவு கூறியது.

வழி கூறல்

இவ்வழக்கின் உள்ளீடு தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுப்பர் நன்னூலார். வழிநூல் செய்வது இழுக்கு என்று அவர் கூறவில்லை. முன்னோர் நூலைத் தழுவி, வேண்டும் வேறுபாடுகளைச் செய்து புதியதோர் நூல் இயற்றல் பழைய மரபே. ஆனால் நூலின் முகப்பில் அமையும் பாயிரத்துள் ஆக்கியோன் பெயரோடு, அந்நூல் வந்த வழியையும் கூறவேண்டும் என்பது விதி. யாரிடமிருந்து பெற்றோம் என்பதை மறைத்து எழுதப்படும் நூல், பாயிர இலக்கணத்தில் குறைபட்டதாகும். 1984 ஆம் ஆண்டு இதழில் நிழற்படக் கலைஞரின் பெயர் இருந்தது, வழி கூறப்பட்டது. 2016 ஆம் ஆண்டு மலரில் அது விடுபட்டது; வழி மறைந்தது. 400 டாலரும் 10,000 டாலரும் பிற்பட்ட கணக்கு. பெயர் மறைந்ததே முதற் குறை.

கோல்ட்ஸ்மித் செல்வமும் செல்வாக்கும் மிக்க அறநிலையத்தை எதிர்த்து ஆறாண்டுகள் வழக்காடினார். வார்ஹாலின் பெயர் பெரிது; அவர் ஓவியத்தின் விலை பெரிது. எனினும், புகழ் பெரிதாயிருத்தலால் உரிமையும் பெரிதாகிவிடாது என்று எழுவர் முடிவு செய்தனர். அம்முடிவு பெயர் பரவாத எண்ணற்ற நிழற்படக் கலைஞர்க்கும் ஓவியர்க்கும் ஊன்றுகோலாயிற்று. மாறுபட்ட இருவர் கூறியதும் மறத்தற்குரியதன்று. கடன் கொள்ளாத கலை உலகில் இல்லை. கடன் கொள்ளுதலைத் தடுத்தால் கலை வற்றும். கொண்ட கடனை மறைத்தால் கலைஞர் வாடுவர். இவ்விரு தீங்குக்கும் இடையே நேர்வழி காண்பது அறிஞர்க்கும் அரிய செயலே.

இளைஞர் தம் பள்ளி விழாவில் புகழ்பெற்ற பாட்டொன்றைக் கேலி செய்து பாடலாம். நடிகர் ஒருவரின் முகத்தை வேடிக்கைப் படமாக வரையலாம். நகைச்சுவை இல்லா வாழ்வு உப்பில்லாப் பண்டம். ஆயினும் எதனை எள்ளுகின்றோம், எதற்காக எடுக்கின்றோம் என்று ஒருமுறை தம்மைத்தாமே வினவிக்கொள்ளுதல் நன்று. பிறர் வரைந்த படத்தைத் தம் ஏட்டிலோ சுவரிதழிலோ ஒட்டும்போது, அதன் அடியில் வரைந்தவர் பெயரைச் சிறு எழுத்தில் குறிக்க ஒரு நொடிப்பொழுது போதும். ஒரு முகத்தைக் காணும்போது, அம்முகத்துக்கு ஒளி அமைத்துக் கருவியின் பின்னே நின்றவர் ஒருவர் உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பது பண்பாகும்.